“அந்தச் சின்ன மாத்திரை மட்டும் போதும்”: மருந்துக்கடைக் கவுண்டரில் ஒரு மனநல நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர் 24 வயது இளைஞர், முதல் வேலையில் எட்டு மாதம் ஆனவர். அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, நாள் கணக்கு ஆகியவற்றில் கை வைக்கவில்லை, ஏனென்றால் விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

மருந்துச்சீட்டோடு அவர் வந்த நாளை முதல் நாள் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் கடையின் பில் பதிவைப் பின்னோக்கிப் பார்த்தால் கதை மூன்று மாதம் முன்பே தொடங்கியிருந்தது. முதலில் தலைவலி மாத்திரை, பத்து நாள் கழித்து மறுபடி அதுவே. அப்புறம் அசிடிட்டிக்கு. அதற்கப்புறம் “தூக்கம் வர மாதிரி ஏதாவது” என்று கேட்டு, ஒவ்வாமைக்குக் கொடுக்கும், தூக்கக் கலக்கம் தரும் ஒரு மாத்திரை. மூன்றையும் நானோ என் உதவியாளரோதான் எடுத்துக் கொடுத்தோம். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிதான். சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மனச்சோர்வு பலருக்கு “மனசு சரியில்லை” என்று வருவதில்லை. தலைவலியாக, வயிற்றுக் கோளாறாக, தூக்கமின்மையாக, காரணமில்லாத அசதியாக வருகிறது. அதனால் மருத்துவரைவிட முன்னால் அது மருந்துக்கடைக்கு வந்துவிடுகிறது.

முதல் வருகை

சீட்டில் இரண்டு மருந்து. மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 50 மி.கி., காலையில் ஒன்று, 30 நாளைக்கு. பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் குளோனசெபாம் 0.25 மி.கி., இரவில் ஒன்று, 10 நாளைக்கு. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இப்படி எழுதுவது புதிதல்ல. முதலாவது வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க இரண்டாவது.

மாலை நேரம், ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். உதவியாளர் மருந்தின் பெயரை உரக்கப் படித்து, “இது டிப்ரெஷனுக்குத்தானே சார்?” என்று என்னிடம் கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சரிபார்க்கத்தான் கேட்டார். ஆனால் அந்த இளைஞரின் கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் செய்யவில்லை. “பெருசு காலையில ஒண்ணு, சின்னது ராத்திரி ஒண்ணு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் அட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு என்னுடையது. நான் சொல்லாமல் விட்டது மூன்று விஷயம், சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகாது. செர்ட்ராலினின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வரும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். நல்லதாகத் தோன்றினாலும் மோசமாகத் தோன்றினாலும் தானாக நிறுத்தக் கூடாது, கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். முதல் வாரத்தில் கெடுதலை மட்டும் காட்டுகிற மருந்து இது. அதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால், பாதியில் நிறுத்துகிறவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இருபத்திரண்டாம் நாள்

அவர் மறுபடி வந்தது 22ஆம் நாள், கடை சாத்தும் நேரத்தில். கையில் குளோனசெபாமின் காலி அட்டை.

“சார், இதுல அந்தச் சின்ன மாத்திரை மட்டும் போதும். பெருசு வேண்டாம்.”

“சீட்டு இல்லாம அது தர முடியாது தம்பி.” வருடக்கணக்கில் சொல்லிப் பழகிய வாக்கியம், யோசிக்காமலே வந்துவிட்டது. அவர் வாதாடவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். ஏற்கெனவே இரண்டு கடையில் இதே பதிலைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டப்படி என் வேலை அங்கே முடிந்துவிட்டது, நான் சொன்னதில் தவறும் இல்லை. ஆனால் பழைய பில் திரையில் இருந்தது. ஒரு சின்னக் கணக்கு மனதில் ஓடியது.

“தம்பி, பெருசு இன்னும் எட்டு மீதி இருக்கணுமே. இருக்கா?”

நின்றார். “இருபத்தி நாலு இருக்கு சார்.”

முப்பதில் இருபத்து நான்கு மீதி என்றால், ஆறே நாளில் நிறுத்திவிட்டார். உதவியாளரை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். உள்ளே சரக்கு அடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே உட்கார வைத்தேன். நானும் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். நாம் நின்றுகொண்டு பேசினால் கேட்பவரும் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்.

அந்த ஆறு நாளில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். “வயித்தைப் புரட்டிட்டே இருந்துச்சு. கை நடுங்குச்சு. ராத்திரி கண்ணை மூடினா மனசு ஓடிட்டே இருக்கு. முன்ன இருந்ததவிட மோசமாச்சு. எனக்கு ஒத்துக்கலன்னு விட்டுட்டேன். சின்னது போட்டாதான் தூக்கம் வருது.”

சில இரவுகளில் சின்னதை இரண்டாகப் போட்டிருக்கிறார். எட்டு நாளில் அட்டை தீர்ந்துவிட்டது. மது உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த வகை மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும்.

பிறகு விளக்கினேன். பெரிய மாத்திரை செரடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. செரடோனின் என்றதும் மூளையை நினைக்கிறோம், ஆனால் உடம்பில் இருக்கும் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் இந்த மருந்தை முதலில் உணர்வது வயிறு. புரட்டல் வந்தால் மருந்து விஷமாகிவிட்டது என்று பொருளில்லை. மூளையில் செரடோனின் அளவு சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும், அந்த மாற்றத்துக்கு நரம்புகள் பழகி மனநிலை தூக்கி நிற்பதற்குத்தான் வாரக்கணக்கு. சின்ன மாத்திரை வேறு வழியில் போகிறது. மூளையின் பிரேக் மாதிரி இருக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது, அதனால் அன்றிரவே பலன் தெரிகிறது. ஆனால் சில வாரம் தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் தூங்க மறுக்கும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

“அப்போ எனக்கு நல்லது செஞ்சதுன்னு நினைச்சது தற்காலிகம், கெட்டதுன்னு நினைச்சதுதான் மருந்தா?” என்றார். நான் இத்தனை நீட்டி விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

இதோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகத் தூக்கமில்லாத, மருந்தை நிறுத்திவிட்ட, தனியாகச் சமாளித்துக்கொண்டிருக்கும் 24 வயதுக்காரர். கேட்காமல் அனுப்பக் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சுற்றி வளைத்து “வேற ஏதாவது எண்ணம் வருதா?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் “அதெல்லாம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போக நாமே வழி செய்து கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

“இப்படி இருக்கும்போது சிலருக்கு செத்துடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணியிருக்கா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “காலையில எழுந்திருக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு தோணும் சார். ஆனா எதுவும் செஞ்சுக்கணும்னு இல்ல.”

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் நம் தொழிலில் பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, பலருக்குப் பாரம் குறைகிறது. அவருக்கும் அப்படித்தான் ஆனது. அடுத்த கேள்விகளுக்கு அவரே தயங்காமல் பதில் சொன்னார். திட்டம் ஏதும் யோசித்ததுண்டா? இல்லை. முன்பு முயன்றதுண்டா? இல்லை. இன்றிரவு கூட யார் இருப்பார்கள்? அக்கா.

“ஆமாம், திட்டம் இருக்கிறது” என்று சொல்லியிருந்தால் நடைமுறையே வேறு. தனியாக விட்டிருக்க மாட்டேன், நேரே அவசர சிகிச்சைக்குத்தான். இவருக்கு அது தேவைப்படவில்லை. அவர் முன்னாலேயே, அவர் சம்மதத்தோடு, சீட்டு எழுதிய மருத்துவரை அழைத்தேன். ஆறாம் நாள் நிறுத்தியது, இரட்டை டோஸ், தூக்கமின்மை, அவர் சொன்ன எண்ணம் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். மறுநாள் காலை முதல் ஆளாகப் பார்ப்பதாகச் சொன்னார். அன்றிரவு சின்ன மாத்திரை கொடுக்கவில்லை. அக்காவை வரவழைக்கலாமா என்று கேட்டபோது மட்டும் இளைஞர் தயங்கினார். “என்ன சொல்லணும், எவ்வளவு சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். “தூக்கம் இல்லாம கஷ்டப்படறேன், நாளைக்கு டாக்டரப் பாக்கணும், தனியா விடாதீங்கன்னு மட்டும்” என்றார். அக்காவிடம் அவ்வளவுதான் சொன்னோம். வீட்டில் இருந்த மாத்திரைகளை அக்காவே எடுத்து வைத்துக்கொள்வது என்பதும் அவருடைய ஒப்புதலோடு முடிவானது.

அடுத்த சில மாதம்

மறுநாள் சீட்டு மாறி வந்தது. செர்ட்ராலின் ஒரு வாரம் 25 மி.கி., பிறகு 50. சாப்பிட்ட பிறகு, காலையில். குளோனசெபாம் ஏழு இரவு மட்டும், அதற்கு மேல் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்படி மருத்துவர் கேட்டுக்கொண்டார், நானும் வாராவாரம் பிரித்துக் கொடுத்தேன். அட்டை தீர்ந்து அவர் வருகிற நாள்தான் நாங்கள் பேசுகிற நாள் என்று ஆனது.

நடுவில் இரண்டு போன், நான்காம் நாளும் பதினோராம் நாளும். அதற்கு முன்பே மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொண்டேன். எந்த நேரம் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது, குறுஞ்செய்தியில் மருந்தின் பெயர் வரலாமா. மருந்துக்கடையிலிருந்து வரும் அழைப்பே ஒருவரின் ரகசியத்தை வீட்டில் உடைத்துவிடக்கூடும். நான்காம் நாள் குமட்டல் இருந்தது, தாங்கும் அளவில். பதினோராம் நாள், “இப்போ மறந்தே போச்சு சார்” என்றார்.

மூன்றாம் வாரம் நன்றாக இருந்தது. எனக்குக் கவலை தந்ததும் அந்த வாரம்தான். தூக்கம் திரும்பியிருந்தது, வேலைக்கு நேரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார், ஆனால் முகத்தில் தெளிவு இல்லை. சிலருக்கு உடம்பின் சுறுசுறுப்பு முதலில் வந்துவிடும், மனது பின்தங்கி வரும். இளம் வயதினரிடம் தொடக்க வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்காக இந்த எச்சரிக்கையை மருந்துப் பெட்டித் தகவலில் சேர்த்தது, 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. எச்சரிக்கையின் பொருள் மருந்தைக் கொடுக்காதே என்பதல்ல, கொடுத்துவிட்டுக் கண்ணை மூடாதே என்பதுதான். ஆகவே மறுபடி நேராகக் கேட்டேன். “அன்னைக்குக் கேட்டதையே கேக்கறீங்க” என்று சிரித்தார். அந்த எண்ணம் வராமல் ஒரு வாரம் ஆகிறது என்றார்.

மருத்துவர் பயன்படுத்தியது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோல், அதிகபட்சம் 27. தொடக்கத்தில் 18 இருந்தது. எட்டாம் வாரம் 9. இந்தக் கேள்வித்தாளை மருந்தாளுநரும் பயன்படுத்தலாம், அதன் முதல் இரண்டு கேள்வி மட்டுமே ஒரு நல்ல சல்லடை. ஆனால் அதில் வரும் எண்ணை வைத்து நோய் இன்னதென்று சொல்வது நம் வேலை அல்ல.

பத்தாம் வாரம் வந்தார், எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் போனார். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை நானே எடுத்துக் கொடுத்தேன். “இந்த மருந்துல சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், உணர்ச்சி தாமதமாகும். அப்படி இருந்தா சொல்லுங்க, வழி இருக்கு.” அதுதான். இந்த வகை மருந்துகளில் இது மிகப் பொதுவான தொந்தரவு, யாரிடமும் சொல்லாமல் மருந்தை விட்டுவிடப் பெரிய காரணமும் இதுதான். நோயாளி சொல்லட்டும் என்று காத்திருந்தால் அட்டை வீட்டில் அப்படியே கிடக்கும். மருத்துவரிடம் பேசி, டோஸை மாற்றாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது என்று அவரே முடிவெடுத்தார்.

நான்காம் மாதம் விளையாடும்போது காலில் அடிபட்டு வேறு ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். சீட்டில் டிராமடால் என்ற வலுவான வலி மருந்து இருந்தது. செர்ட்ராலினோடு அது சேர்ந்தால் செரடோனின் அளவுக்கு மீறிப் போகலாம்: கடும் நடுக்கம், வியர்வை, குழப்பம், படபடப்பு. வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். மனநல மருந்து சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். ஒரு போனில் அது பாராசிட்டமாலாக மாறியது. இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையையும் நான் பரிந்துரைக்கவில்லை, செர்ட்ராலினோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மருத்துவரின் சீட்டும் சந்திக்கும் ஒரே இடம் மருந்துக்கடைதான். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுகிறவராக இருந்தால் இது இன்னும் தீவிரம். இப்யூபுரூஃபன் மாதிரி சாதாரண வலி மாத்திரையே ரத்தத்தில் லித்தியத்தை நச்சு அளவுக்கு ஏற்றிவிடக்கூடும், அதைப் பலர் சீட்டு இல்லாமலே வாங்குகிறார்கள்.

ஏன் மருந்துக்கடை

நாள்பட்ட நோய்க்கு நீண்டகாலம் மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. அந்த மீதிப் பாதி முதலில் தெரிவது நம் பில் பதிவில். வர வேண்டிய நாளில் ஒருவர் வரவில்லை என்பது மருத்துவருக்கு அடுத்த சந்திப்பு வரை தெரியாது, நமக்கு அன்றே தெரியும்.

இங்கிலாந்தில் 2011இல் ‘புதிய மருந்துச் சேவை’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புதிதாக ஒரு நீண்டகால மருந்து தொடங்குகிறவரை முதல் மாதத்துக்குள் மருந்தாளுநர் இருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. பத்தாம் வாரத்தில் மருந்தைச் சரியாக எடுப்பவர்களின் அளவு சுமார் 10 சதவீதப் புள்ளி கூடியிருந்ததை அதன் மதிப்பீட்டு ஆய்வு காட்டியது. ஆஸ்துமா, ரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு எல்லாம் இருந்த முதல் பட்டியலில் மனச்சோர்வு இல்லை. முதல் வாரத்திலேயே கைவிடப்படும் மருந்து எது என்று எந்தக் கவுண்டரில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2014இல் தொடங்கிய ‘ப்ளூம்’ திட்டம் நேராக மனநலத்தையே எடுத்துக்கொண்டது, சேர்ந்த மருந்துக்கடைகள் நோயாளியோடு மாதக்கணக்கில் தொடர்பில் இருந்தன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021இல் உலகில் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். எளிதில் கைக்கு எட்டுவதைக் குறைத்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு மருந்துக்கடையிலிருந்தே ஒரு சான்று உண்டு. பிரிட்டனில் 1998இல் பாராசிட்டமால் பெட்டியின் அளவைச் சட்டத்தால் குறைத்தார்கள். அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த மருந்தால் நேர்ந்த நச்சு மரணங்கள், குறைக்காமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 43 சதவீதம் குறைவு என்று ஆய்வு சொன்னது. நான் வாராவாரம் பிரித்துக் கொடுத்ததும் இதே யோசனையின் சின்ன வடிவம்தான்.

இதையெல்லாம் சொன்னாலும், நாங்கள் ஆலோசகர்கள் அல்ல. என்னால் அவருடைய வேலை அழுத்தத்தைப் பற்றிப் பேச முடியவில்லை, பேசவும் முயலவில்லை. உளவியல் ஆலோசனைக்கு மருத்துவர் அனுப்பியபோது, போய் வந்தாரா என்று கேட்டது மட்டும் என் பங்கு. பேசுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லாத கடையில் இருபது நிமிடம் ஒருவரோடு உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்கள் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி எடுத்துக்கொண்டேன், அதற்கு வரும் பதிலைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக யாரும் பயிற்சி தரவில்லை. இப்போது சக மருந்தாளுநர் ஒருவரிடம் பேசுகிறேன்.

கடையில் மாறியவை கொஞ்சம்தான். மனநல மருந்தின் பெயரை யாரும் உரக்கப் படிப்பதில்லை, சீட்டின் மேல் விரல் வைத்துக் காட்டிக் கேட்கிறோம். சரக்கு அறை நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டாயிற்று. சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவரிடம் “தர முடியாது” என்று இன்றும் சொல்கிறோம், கூடவே “எத்தனை நாளா தூக்கம் இல்ல?” என்றும் கேட்கிறோம்.

இப்போதைய நிலை

நலமாகி ஆறு மாதமாவது மருந்து தொடர வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அவருக்கு ஒன்பது மாதம் ஆனது. ஏழாம் மாதமே “இப்போ நல்லாத்தானே இருக்கேன்” என்று நிறுத்தப் பார்த்தார். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வு எல்லாம் வரலாம் என்றேன். அது அடிமைத்தனமா என்று கேட்டார். இல்லை, ஏங்கித் தேடுவது இதில் கிடையாது, ஆனால் பழகிய உடம்புக்குப் படிப்படியாக இறங்க அவகாசம் வேண்டும்.

மருத்துவர் மேற்பார்வையில் இப்போது 25 மி.கி.யில் இருக்கிறார். போன வாரம் சளிக்கு மாத்திரை கேட்டு வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே “இது அதோட சேருமா சார்?” என்றார். செர்ட்ராலினோடு சேரக் கூடாத இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இல்லாததாகப் பார்த்துக் கொடுத்தேன். செர்ட்ராலினுக்கு அவர் அடுத்து வர வேண்டிய நாள் வரும் வெள்ளிக்கிழமை. குறித்து வைத்திருக்கிறேன்.